"இன்னைக்கு மட்டும்தான் சார்!"



நீளமான பதிவு. தினமும் காலையில் ஒரு கணக்குப் புதிர் போட்டுவிட்டுப் போகிற ஆள் இன்று ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்று தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள். இதில் என் மானம் கொஞ்சம் போகிறது. போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து என் தங்கை மகன் பேசினான். "மாமா, ஒரு மால்ல கூப்பன் எழுதிப் போட்டிருந்தோம். கிஃப்ட் விழுந்திருக்காம். வர்ற ஞாயிறு ஹோட்டலுக்கு ரெண்டு பேரும் ஜோடியா வரணுமாம். ஹாலிடே கிளப். இருபத்தஞ்சு வருஷத்துக்கு, வருஷம் ஏழு நாள், எங்க வேணாலும் தங்கிக்கலாமாம். நல்ல இன்வெஸ்ட்மென்ட்னு சொல்றாங்க. நீங்க என்ன மாமா சொல்றீங்க?"

என் வாயில் வார்த்தை வரவில்லை. "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கப் போறீங்க? அந்தப் பிள்ளையும் போய் மாட்டணுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

நான் ஓய்வு பெற்றது 2018 மே மாதம். முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். அந்த ஆகஸ்டில் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு போன் வந்தது. பொருட்காட்சியில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போனோம். குளிரூட்டிய பெரிய ஹால். சத்தமாகப் பாட்டு. மேசைக்கு ஒரு தம்பதி, எதிரில் டை கட்டிய ஒரு பையன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மேசையில் கைதட்டல்: இன்னொரு குடும்பம் சேர்ந்துவிட்டதாம். எங்கள் மேசைப் பையன் நான் வாத்தியார் என்று தெரிந்ததும் எழுந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "எங்க அப்பாவும் வாத்தியார்தான் சார்" என்றான். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் என்றவர்கள் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். முதலில் சொன்ன விலை ஐந்தரை லட்சம். நாங்கள் தயங்கியதும் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். விலை நாலரை லட்சமாயிற்று. பிறகு, வரியெல்லாம் சேர்த்து 3,60,000. "இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான் சார். வெளியே போயிட்டு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டம்மா சொன்னார்: "ஒரு ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்றோமே."

நான் சொன்னேன்: "நீ சும்மா இரு. எனக்குக் கணக்குத் தெரியாதா?"

ஓய்வூதியப் பலன் வங்கியில் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காசோலையில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் மேசையிலும் கை தட்டினார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்: படிகள் எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அன்று அந்தப் பையன் ஒரு தாளில் எழுதிக் காட்டியது இதுதான். 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு, ஆக 175 இரவு. 3,60,000-ஐ 175-ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,057 ரூபாய். "இந்த ரேட்டுக்கு கொடைக்கானல்ல நல்ல ரூம் கிடைக்குமா சார்?" விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டான். நான் தலையாட்டினேன். விட்டுப்போன படிகளை இப்போது எழுதுகிறேன்.

விட்டுப்போன முதல் படி, வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம். எனக்கு 14,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,520. மொத்தம் 16,520. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,360. உறுப்பினர் கட்டணத்தின் பங்கைவிட இதுவே அதிகம். இரண்டையும் கூட்டினால் ஓர் இரவு 4,417.

இரண்டாவது படி, அந்தப் பராமரிப்புக் கட்டணம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வருடத்தில் அது மட்டுமே 9 லட்சத்தைத் தாண்டும். சேரும்போது கட்டியதையும் சேர்த்தால் ஓர் இரவு ஏழாயிரத்து இருநூறுக்கு மேல்.

மூன்றாவது படிதான் கணக்கு வாத்தியாராகிய நான் வெட்கப்பட வேண்டியது. அதே 3,60,000 ரூபாயை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 25,200 ரூபாய். ஏழு இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 3,600. அந்த வட்டியிலேயே நினைத்த ஊரில், நினைத்த தேதியில், நினைத்த விடுதியில் தங்கலாம். முதல் முதலாகவே வங்கியில் இருக்கும். பேரன் படிப்புக்கும் ஆகும், ஆஸ்பத்திரி செலவுக்கும் ஆகும்.

அறை வாடகையும் வருடா வருடம் ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். ஆனால் நாம் ஊருக்குப் போகாத வருடத்தில் வாடகை கிடையாது. பராமரிப்புக் கட்டணம் போகாத வருடத்துக்கும் உண்டு.

இதெல்லாம் தாளில் போடுகிற கணக்கு. என் வாழ்க்கையில் நடந்த கணக்கு வேறு. வருடத்தைப் பருவங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்திருந்தார்கள். எனக்கு விற்ற நிறத்துக்கு மே மாதம் கிடையாது, தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. மகளும் பேரனும் வரக்கூடிய நாள் எதுவுமே கிடையாது. மற்ற நாளில் கேட்டாலும் "இடமில்லை, மூன்று மாதம் முன்னாடியே போட்டிருக்கணும்" என்றார்கள். 2019 செப்டம்பரில் ஒரே ஒரு முறை, நாங்கள் இருவர் மட்டும், மழையில், நான்கு இரவு தங்கினோம். அடுத்த வருடம் கொரோனா. ஊரே அடைந்து கிடந்தபோதும் பராமரிப்புக் கட்டண பில் தவறாமல் வந்தது. மூன்று வருடம் கட்டினேன், பிறகு நிறுத்தினேன். 3,60,000-உம் 49,560-உம் சேர்ந்து 4,09,560. நான்கால் வகுங்கள். ஓர் இரவுக்கு 1,02,390 ரூபாய். எந்த மகாராஜாவும் அந்த மலையில் அந்த வாடகைக்குத் தங்கியிருக்க மாட்டான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வியாபாரமே திருட்டு என்று நான் சொல்லவில்லை. 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரு விடுதியைப் பல குடும்பங்கள் வாரம் வாரமாகப் பங்கு போட்டுக்கொள்வது. வருடம் தவறாமல் ஊர் சுற்றுகிறவர்கள், ஆறு மாதம் முன்பே தேதி குறிக்க முடிந்தவர்கள், பராமரிப்புக் கட்டணத்தையும் தெரிந்தே சேர்ந்தவர்கள் சிலர் திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை அந்த ஹாலில் வாயால் சொல்லப்பட்டு, காகிதத்தில் எழுதப்படாமல் போகிற சொற்களோடு.

"இது இன்வெஸ்ட்மென்ட்" என்பார்கள். முதலீடு என்றால் திருப்பி விற்க ஒரு சந்தை வேண்டும். சொத்து என்றால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் பேரில் பதிவு வேண்டும், வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உங்கள் பேர் வர வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் இவர்கள் விற்பது குறிப்பிட்ட வருடங்களுக்குத் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. 25-வது வருடம் முடிந்த மறுநாள் உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் அட்டை.

இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், "தங்காவிட்டால் வட்டியோடு பணம் திரும்ப வரும்" என்று விற்றார்கள். மும்பையில் அப்படி விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிறுவனங்கள்மீது 2015-ல் செபி நடவடிக்கை எடுத்தது. அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் அது என்று சொல்லிப் புதிதாகப் பணம் வாங்கத் தடை போட்டது. தேக்கு மரத்தையும் ஈமு கோழியையும் பார்த்த ஊர் நம்முடையது. அறை வாடகையில் வட்டி வரும் என்றால் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

"எப்ப வேணாலும், எங்க வேணாலும்" என்பார்கள். ஒப்பந்தத்தில் "இடமிருந்தால்" என்று பொடி எழுத்தில் இருக்கும். "பரிசு இலவசம்" என்பார்கள். எங்களுக்குக் கிடைத்த பரிசு மூன்று பகல் இரண்டு இரவு தங்கும் கூப்பன். அதைப் பயன்படுத்தத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கேட்ட தேதி எதுவும் கிடைக்காமல் கூப்பனே காலாவதியாகிவிட்டது. "பிடிக்கலைன்னா வித்துடலாம் சார்" என்பார்கள். அதை நம்பித்தான் நான் இரண்டாவது முறை விழுந்தேன்.

ஆம், இரண்டாவது முறையும் விழுந்தேன். இதை என் மகளுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

2023-ல் ஒரு பெண் போனில் பேசினார். என் பேர், உறுப்பினர் எண், எந்த வருடம் சேர்ந்தேன், எவ்வளவு பாக்கி, எல்லாம் சரியாகச் சொன்னார். "உங்க மெம்பர்ஷிப்பை 5,40,000 ரூபாய்க்கு வாங்க ஒரு கம்பெனி ரெடியா இருக்கு சார். அவங்க ஊழியர்களுக்காக மொத்தமா வாங்குறாங்க." செக்கின் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் பேர், தொகை, முத்திரை எல்லாம் இருந்தன. தடையில்லாச் சான்றுக்கு 18,500 கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பிறகு ஜிஎஸ்டி என்று 31,000, அதையும் கட்டினேன். மூன்றாவதாக 54,000. டிடிஎஸ்ஸாம், மூன்று நாளில் திரும்ப வந்துவிடுமாம்.

அந்தத் தொகையை அனுப்ப வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன் என் பழைய மாணவன். 2003-ல் பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். சலானைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "சார், கம்பெனின்னு சொல்றீங்க, இது யாரோ தனி ஆளோட சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி இருக்கே? நீங்க விக்கிறவர்தானே, நீங்க ஏன் சார் பணம் கட்டுறீங்க?"

தம்பி, இந்தப் பதிவை நீ படிப்பாய் என்று தெரியும். உனக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. முகம் சிவந்து, சலானைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் உனக்குப் போட்ட மதிப்பெண்களையெல்லாம் திருத்த வேண்டும்.

இது ஏதோ விவரம் தெரியாதவர்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இதே வித்தை. மெக்சிகோவில் இப்படி வாரக் கணக்கில் விடுதி வாங்கிய அமெரிக்கர்களை, பெரும்பாலும் வயதானவர்களை, "வாங்க ஆள் இருக்கிறது, வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 பேர் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு எஃப்.பி.ஐ. கணக்குச் சொல்கிறது. அந்தப் போன்களுக்குப் பின்னால் இருந்தது போதைப்பொருள் கும்பல் என்று அமெரிக்க அரசு தடை உத்தரவே போட்டது. ஊர் எதுவானாலும் தூண்டில் ஒன்றுதான்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "ஆசைப்பட்டா இப்படித்தான்", "படிச்ச மனுஷனுக்குப் புத்தி எங்கே போச்சு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அடுத்தவர்களைப் பார்த்துச் சொன்னவன்தான். இந்தப் பேச்சுதான் ஏமாற்றுகிறவனுக்குக் காவல். இதற்குப் பயந்துதான் ஏமாந்தவன் வாய் திறப்பதில்லை. அவன் திறக்காததால் அடுத்தவன் அதே நாற்காலியில் போய் உட்காருகிறான். நான் 2018-லேயே சொல்லியிருந்தால் என் தங்கை மகன் அந்தக் கூப்பனை எழுதியிருக்கவே மாட்டான். என் பணம் போனது அவர்களால். அவன் அந்த ஹால் வாசல் வரை போனது என்னால்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் மட்டும் புலம்பினேன். "இந்த வருஷம் ரிட்டயர் ஆகிற யாராவது கிடைப்பாங்க, அவங்க தலையில கட்டிடுங்க சார்" என்றார். ஒரு பேரையும் சொன்னார். நான் அந்த ஆளுக்குப் போன் போட்டு, நலம் விசாரித்து, பேச்சை எடுக்கும் வரை போய்விட்டேன். "எங்க வேணாலும் தங்கலாம் சார்" என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. அந்த டை கட்டிய பையன் சொன்ன அதே வாக்கியம்! போனை வைத்துவிட்டேன். ஏமாந்தவன் ஏமாற்றுகிறவனாக மாற ஒரு வாக்கியம் போதும். விற்பதென்றால் பாக்கி எவ்வளவு, எந்த நிறம், இன்னும் எத்தனை வருடம், பராமரிப்புக் கட்டணம் என்ன என்று நான்கையும் எழுதிக் கொடுத்து விற்க வேண்டும். அப்படி எழுதினால் வாங்க ஆள் வரவில்லை என்றால், அதுதான் அந்தப் பொருளின் உண்மையான விலை.

குறித்துக்கொள்ளுங்கள்.

1. இன்று மட்டும் என்றால் என்றைக்கும் வேண்டாம். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். ஒரு ராத்திரி நம் கையில் இருக்க முடியாத காகிதத்தில் இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்து எதற்கு?

2. வாயால் சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். மே மாதம் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு ஏறும், விலகினால் எவ்வளவு திரும்ப வரும். எழுதித் தராதது சொல்லப்படாதது.

3. ஓடிபி சொல்வதும் கையெழுத்துதான். மாதத் தவணை என்று போனிலேயே கடன் போட்டுவிடுவார்கள். கிளப்பிலிருந்து விலகினாலும் கடன் கொடுத்தவன் தவணையை விட மாட்டான்.

4. விற்கும்போது பணம் உங்கள் பக்கம் வர வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்கிறவன் தரகனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். அரசு வரி எதுவும் தனி ஆளின் கணக்கில் கட்டப்படுவதில்லை.

5. பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. நான் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன், போனது போனதுதான்.

6. நிறுவனத்தோடு தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் அதையும் தவறவிட்டேன்.

அரசிடமும் ஒரு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மாதிரி ஒப்பந்தம் போட்டால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளில் ஒரு காசு முன்பணம் வாங்கக்கூடாது. 2008-ம் வருட விதி அது. நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்கென்று தனிச் சட்டமே இல்லை. நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் மனமிரங்கி எழுதியிருந்தால் உண்டு. வீட்டம்மா கேட்டது 14 நாள்கூட இல்லை, ஒரு ராத்திரி. அதைக் கொடுக்க இந்த நாட்டில் ஒரு சட்டம் வேண்டாமா?

இந்த வேலையில் இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருக்கிறீர்கள் என்று தெரியும். டார்கெட்டும் வாடகையும் உங்களை எப்படி விரட்டும் என்பதும் தெரியும். உங்களைத் திட்ட மாட்டேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மா "ஒரு ராத்திரி யோசிக்கிறோம்" என்றால், "சரிங்கம்மா, யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதைச் சொல்ல உங்கள் மேனேஜர் விடவில்லை என்றால், நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

தங்கை மகனுக்கு நேற்றிரவு முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "இவ்வளவு நாளா ஏன் மாமா சொல்லலை?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இது உங்களுக்கு வீட்டுப்பாடம். இதே மாதிரி மாட்டியவர்கள் கீழே எழுதுங்கள். பேர் போட வெட்கமாக இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பேர் இல்லாமல் நான் போடுகிறேன். இங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. சிரிப்பதென்றால் முதலில் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

4,09,560-உடன் 49,500-ஐக் கூட்டினால் 4,59,060. என் வாழ்க்கையில் நான் படித்த பாடங்களிலேயே அதிக ஃபீஸ் கட்டிப் படித்தது இதுதான். உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். இதில் மட்டும் பொடி எழுத்து எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்